புஷ்பராணி அக்காவின் மூன்றாவது வருடம்

செய்தி வந்தபோது நான் செண்பகனூரில், வேலை பார்க்கும் தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில், ஒரு குடும்பத்துக்கு வைஃபை பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலைப்பூண்டு வாட்ஸ்அப் குழுவில் சிக்கந்தர் பாயின் குரல் பதிவு ஒன்று வந்தது. பாய் பழனியில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். வழக்கமாகப் பூண்டு விலையைத்தான் சொல்வார் என்பதால் உடனே கேட்கவில்லை. அந்தக் குடும்பம் அறைக்குப் போனபிறகு கேட்டேன்.

"நம்ம வடகவுஞ்சி புஷ்பராணி போயிருச்சுப்பா. நெஞ்சு வலின்னு நம்ம லாரியிலதான் ஏத்திருக்காங்க. பழனி வந்து சேரல."

குழுவில் இருந்தவர்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் வடகவுஞ்சி என்ற மலைக் கிராமத்தில் குத்தகை நிலத்தில் பூண்டு போட்டவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். மூன்று தலைமுறையாகச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. நான் அவருடைய ரசிகன். நடிகருக்கு ரசிகனாக இருப்பவன் வெட்கப்படுவதில்லை. நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? அவருடைய குரல் பதிவுகளைப் பஸ்ஸில் போகும்போது பாட்டு மாதிரி கேட்டிருக்கிறேன்.

விவசாயம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாம் போனில் பார்த்துக் கற்றதுதான். போனில் கம்போஸ்ட் போடுகிற எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டு கையிலும் கறுப்பு மண்ணை அள்ளிக் காட்டி, செலவே இல்லை என்பார்கள். அக்கா ஒருவர்தான் செலவைச் சொன்னார். லாரி வாடகை, ரோட்டிலிருந்து வயலுக்குத் தலைச்சுமையாக இறக்கும் கூலி, குவியலைப் புரட்டிப் போடும் கூலி, வாடைக்கு வரும் காட்டுப்பன்றிக்குப் போட்ட வேலி. எதையும் விடமாட்டார். நான் முதல்முதலாக அவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். கம்போஸ்ட் லாபமா, நட்டமா? பதில் குரலாகவே வந்தது. "நெலம் யாருது தம்பி? அதச் சொல்லுங்க மொத." நான் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

அவர் குப்பை சேர்த்த விதத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வடகவுஞ்சிக்குப் போனேன். மலையிலிருந்து பூண்டும் காய்கறியும் ஏற்றிப் பழனிக்கு இறங்கும் பாயின் லாரி, மேலே வரும்போது காலியாகத்தான் வரும். பழனியில் பஞ்சாமிர்தம் செய்கிற இடங்களில் வாழைப்பழத் தோல் மலையாகக் குவியும். அந்தத் தோலைக் காலி லாரியில் ஏற்றி வரச்செய்தது அக்காவின் யோசனை. தோல் இலவசம், மலை ஏற்றத்துக்கு மட்டும் லாரி வாடகை. நான் போன நேரம் அக்காவும் கூலியாட்களும் தோலைக் கொட்டி, அதிலிருந்து பிளாஸ்டிக் பைகளையும் நூலையும் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். லாரியோடு பாயும் வந்திருந்தார்.

"ஏத்தா, என் லாரியப் பாத்து ஊர்ல எல்லாவனும் மூக்கப் பொத்துறான். கழுவுற காசையும் ஒன் கணக்குலதான் எழுதணும்" என்றார் பாய்.

"எழுதுங்க பாய். அப்படியே இந்தக் குப்பையில வெளைஞ்ச பூண்டுக்கு வெலையும் கூட்டி எழுதுங்க."

"பூண்டுக்கு என்ன ஜாதகமா ஒட்டி விக்கப் போறேன்? பல்லு பெருசா இருக்கா, நல்லாக் காஞ்சிருக்கா, அம்புட்டுதான் கேப்பான் வாங்குறவன்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டுக்கிட்டீங்களா தம்பி? வெலை ஏறாது. செலவு கொறையணும். அது கொறைய மூணு வருசம் ஆகும்."

முதல் வருடம் அவசரத்தில் சரியாக மக்காத குப்பையைப் போட்டுவிட்டார். அது பயிருக்கு வேண்டிய சத்தைத் தானே இழுத்துக்கொண்டது. பூண்டு கோலிக்குண்டு அளவில் நின்றது. காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்துத்தான் அடுத்த விதைப்பூண்டு வாங்கினார். இரண்டாம் வருடம் விளைச்சல் பழையபடி வந்தது. குப்பைச் செலவு அப்படியே மேலே நின்றது. "குப்பை போட்டா மண்ணு வெரசா சிரிச்சிரும். நாம சிரிக்கக் காத்துக் கெடக்கணும்" என்று குழுவில் சொன்னார். அந்தப் பதிவுக்கு யாரும் ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை. நான் மட்டும் போட்டேன்.

மூன்றாவது வருடம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மழை தள்ளிப்போன மாதம் அது. பக்கத்து வயல்களில் பூண்டுத் தாள் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அக்காவின் வயல் மட்டும் பச்சையாக நின்றது. கையை விட்டால் மணிக்கட்டு வரை மண்ணுக்குள் இறங்கியது, உள்ளே ஈரம். உர மூட்டை பாதியாகக் குறைந்திருந்தது. தண்ணீர் விடும் நாளும் குறைந்திருந்தது. நான் குதித்தேன். நான் அவ்வப்போது போடுகிற விவசாய வீடியோக்களுக்காகப் போனை எடுத்து அக்காவைப் பேசச் சொன்னேன்.

மூன்று நிமிடம் பேசினார். முதல் இரண்டு நிமிடம் நட்டத்தைப் பற்றி: அடகு வைத்த தோடு, கூலி, பன்றி, எழுத்தில்லாமல் வாய்ப்பேச்சாக வருடா வருடம் தையில் புதுப்பிக்கிற குத்தகை. கடைசி நிமிடம்தான் ஈர மண். முடித்ததும் சொன்னார்: "வெட்டாமப் போடுங்க தம்பி. பாதியக் கேட்டுட்டு எவனாவது எறங்கி நட்டப்பட்டுறப் போறான்."

நான் வெட்டினேன். மூன்று நிமிடம் யார் பார்ப்பார்கள்? கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, பாட்டுச் சேர்த்து, ஊர்ப் பெயரைப் போட்டு, 'கல்லாக இருந்த நிலம் பொன்னானது' என்று தலைப்பு வைத்தேன். நான் போட்டதிலேயே அதிகம் ஓடியது அதுதான். விடுதிக்கு வந்த விருந்தினர்களுக்கெல்லாம் காட்டினேன்.

அதை நிலத்துக்காரரும் பார்த்தார். மதுரையில் இருப்பவர், ஆண்டுக்கு ஒரு முறைகூட மலைக்கு வராதவர். அந்த வாரமே காரில் வந்து இறங்கினார். நான் அன்று வயலில்தான் இருந்தேன். அடுத்த வீடியோ எடுக்கப் போயிருந்தேன்.

"மண்ணு நல்லா வந்துருச்சு போலயே. தைக்குப் பெறகு வேற ஆளு கேக்குறாங்கம்மா. நீங்க குடுக்குறதப்போல ரெண்டு மடங்கு தாராங்க" என்றார்.

"இன்னும் ரெண்டு வெள்ளாமை விட்டுக் குடுங்கய்யா. மூணு வருசமாக் கொட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். இப்பத்தான் எடுக்கப் போறேன்."

"நான் கொட்டச் சொன்னேனாம்மா?"

நிலத்துக்காரர் குனிந்து கொஞ்சம் மண்ணை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் என் போனில் அந்த வீடியோவை அக்கா முழுதாகப் பார்த்தார். அதுவரை அவர் பார்த்திருக்கவில்லை. அவருடைய போனில் அந்த வாரம் ரீசார்ஜ் முடிந்திருந்தது. முடிந்ததும் ஒன்று மட்டும் கேட்டார். "நட்டம் எங்க தம்பி?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ என் தோளைத் தட்டி, "பஸ்ஸு போயிரும், கெளம்புங்க" என்றார்.

தை பிறந்ததும் அந்த நிலம் கைமாறியது. குப்பையைத் திரும்ப அள்ளிக்கொண்டு வர முடியாது. அது மண்ணாகவே ஆகிவிட்டது, மண் நிலத்துக்காரருடையது. அக்காவுக்கு மேட்டில் ஒரு கல்லங்காடு குத்தகைக்குக் கிடைத்தது. அங்கேயும் வாய்ப்பேச்சுதான். மறுபடி பழனித் தோல், மறுபடி தலைச்சுமை. ரோட்டிலிருந்து முன்பைவிட இரண்டு மடங்கு தூரம். அவருடைய கணவர் தியாகு அண்ணன் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறார். "வெறும் உரத்தப் போட்டு ஓட்டுவோம் புள்ள. அடுத்தவன் காட்டுக்கு எதுக்கு இந்தப் பாடு?" அக்கா கேட்கவில்லை. குழுவில் கடைசியாக வந்த அவருடைய பதிவு இது: "எல்லாருக்கும் வணக்கம். மறுபடி மொத வருசம். செலவு சொல்றேன், எழுதிக்கிருங்க." அது வந்த நான்காம் நாள் வெள்ளனே தோல் இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோலை இறக்கிய லாரியிலேயே அவரை ஏற்றினார்கள்.

அடக்கம் முடிந்து தியாகு அண்ணனோடு அந்த மேட்டுக்குப் போனேன். குவியல் பாதி மக்கிய நிலையில் கிடந்தது. கையை வைத்தால் உள்ளே இன்னும் சூடு. அதைப் புரட்ட ஆளில்லை. அண்ணன் நிலத்தை விட்டுவிடப் போகிறாராம். பெருமாள்மலைப் பக்கம் ஒரு கடையில் சோலி பார்த்திருக்கிறார். இந்தக் குவியலும் இன்னொரு நிலத்துக்காரருக்குப் போகும். அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. பாய் எனக்குப் போன் செய்து, "அடுத்த லோடு தோலு ஏத்தவா, வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

ஒரு நிமிட வீடியோவை நீக்கிவிட்டேன். முழு மூன்று நிமிடத்தையும் வெட்டாமல் போட்டிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை. அது எதையும் சரிசெய்யாது என்று எனக்குத் தெரியும். என்னிடம் அவருடைய குரல் பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவையல்ல. வாரத்துக்கு ஒருவராவது, என்னைப் போல ஒரு பையன், கம்போஸ்ட் போட்டால் லாபமா என்று எனக்கு எழுதுகிறான். நான் பதில் சொல்வதில்லை. நிலம் யாருடையது என்று கேட்கிறேன். அநேகம் பேர் அதற்குமேல் எழுதுவதில்லை.