காகிதத்தில் ஏறி நில்லுங்கள்

என் அண்ணன் மகள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள், மிச்ச நேரத்தில் இணையத்தில் செருப்பு விற்கிறாள். ஆரம்பத்தில் அண்ணி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது கேட்டால், செருப்பு விற்கிறாள், மிச்ச நேரத்தில் படிக்கிறாள் என்பாள். சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வேறு.

வீட்டுக்குள் போடும் துணிச் செருப்புதான். மேலே கம்பளி, அடியில் ரப்பர் ஷீட், நடுவில் பஞ்சு. எல்லாம் கைத்தையல். முதல் ஜோடியை அப்பாவுக்காகச் செய்தாள். அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். அகலமான பாதம், கட்டைவிரல் ஓரத்தில் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். எந்தக் கடைச் செருப்பும் அந்தக் காலுக்குச் சரிப்பட்டதில்லை. மகள் தைத்ததைப் போட்டுக்கொண்டு அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் படுக்கப் போகும்போதும் கழற்றவில்லை. அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் கிடையாது.

அந்தத் தைரியத்தில் ஒரு விற்பனைத் தளத்தில் கடைப்பக்கம் திறந்தாள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. தோழியின் அழகான பாதங்களை வைத்துப் படம். செருப்பு விற்றது, விற்ற வேகத்தில் திரும்பியும் வந்தது. ஒருவருக்கு இறுக்கம், ஒருவருக்குத் தொளதொளப்பு, இன்னொருவருக்கு ஒரு கால் இறுக்கம், மறு கால் தொளதொளப்பு. கடைசியில் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னும் ஒரு ஜோடி திரும்பினால் கடையை மூடிவிடுவார்களாம்.

நம் மொழியோடு இந்த நாட்டு மொழியும் படித்தவன் என்ற மரியாதைக்காக அவள் அதை என்னிடம் காட்டினாள். பிழைக்க வந்த நாட்டில் நம் பெயரில் ஒரு கரும்புள்ளிகூட விழக்கூடாது என்று நினைக்கிறவன் நான்.

"அவங்க மூடுறதுக்கு முன்னால நாமளே மரியாதையா மூடிடலாமே," என்றேன்.

"நீ ஒருத்தன் போதும்டா," என்றான் அண்ணன். "நல்லா ஓடுற பஸ்ஸையும் பயமுறுத்தியே நிறுத்திடுவ."

திரும்பி வந்த செருப்புகள் கால் வைக்குமிடமெல்லாம் கிடந்தன. அவற்றில் தடுக்கிய அண்ணிதான் எரிச்சலில் கேட்டாள்: "ஊர்ல ஒருத்தருக்கும் சேராதது உங்கப்பாவுக்கு மட்டும் எப்படிடி சேருது?"

"அப்பாவை நியூஸ்பேப்பர்ல நிக்க வச்சு, காலைச் சுத்தி வரைஞ்சுல்ல வெட்டினேன்..." பாதியில் நிறுத்தினாள். மடிக்கணினியை இழுத்து மூன்று அளவுகளையும் அழித்தாள்.

புதிய விதி இதுதான். காகிதத்தில் ஏறி நில்லுங்கள். இரண்டு பாதங்களையும் சுற்றித் தனித்தனியாக யாரையாவது வரையச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தையே தபாலில் அனுப்புங்கள், படம் எடுத்து அனுப்பினால் அளவு மாறிவிடும்.

"யாரும்மா இவ்வளவு மெனக்கெடுவாங்க?" என்றேன்.

"கால் வலிக்கிறவங்க மெனக்கெடுவாங்க சித்தப்பா."

தோழியின் பாதங்களையும் எடுத்துவிட்டாள். பதிலுக்கு அப்பாவின் கால் வேண்டுமாம்.

"இந்தக் காலையா? ஊரே பாக்கணுமா?" அண்ணன் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"கால்தானேங்க. மூஞ்சியைப் போட்டாத்தான் வியாபாரம் படுத்துக்கும்," என்றாள் அண்ணி.

நகம் வெட்டி, குதிகாலைத் தேய்த்துக் கழுவி, துவைத்த பேன்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றான். முட்டிக்கொண்டிருந்த எலும்பு படத்தில் பளிச்சென்று விழுந்தது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒரு பெண் எழுதியிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பெரிய அண்டா ஒன்று விழுந்து இடது பாதத்தில் விரல்கள் போய்விட்டனவாம். அவள் அனுப்பிய காகிதத்தில் வலது பாதம் முழுதாகவும் இடது பாதம் குட்டையாகவும் இருந்தன.

இது திரும்பினால் கடை இல்லை. "இதை மட்டும் விட்டுடும்மா. சுலபமான கால் ஒண்ணு வரட்டும்," என்று கெஞ்சினேன்.

"சுலபமான கால்னு ஒண்ணு இருக்குன்னு நெனச்சதுதான் சித்தப்பா இத்தனை நாள் பண்ண தப்பு."

இரண்டு காலுக்கும் இரண்டு விதமாக வெட்டினாள். இடது முனையில் பஞ்சை இறுக்கி அடைத்து, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நீளமாகத் தெரியும்படி தைத்தாள். பிடிக்காமல் பிரித்தாள். மறுபடி தைத்தாள். நழுவாமலிருக்கக் குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டி வைத்தாள். அதையும் பிரித்து இன்னும் மெல்லியதாக வைத்தாள்.

பார்சல் போய்ச் சேர்ந்தது. பதில் இல்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிய இருந்த அன்று அழைப்புமணி அடித்தது. கூரியர்காரர் கையில் ஒரு பார்சல். அனுப்பியவர் முகவரி: பள்ளிச் சமையலறை.

"போச்சு," என்றேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க தம்பி," என்றாள் அண்ணி. ஆனால் அவளும் பார்சலைத் தொடவில்லை.

மகள் பிரித்தாள். உள்ளே செருப்பு இல்லை. சுருட்டிய காகிதங்கள். மாவுப்பையைக் கிழித்த தாள், பிள்ளைகளின் ஓவியத் தாள், பழைய நாட்காட்டியின் பின்பக்கம். எல்லாவற்றிலும் பாதங்கள். பாத்திரம் கழுவுகிறவர், காய் நறுக்குகிறவர், வாசல் காவலாளி, ஒரு கணக்கு வாத்தியார்கூட. மேலே ஒரு சீட்டு:

"முதலில் யாரும் நம்பவில்லை. போட்டுக்கொண்டு சமையலறை முழுக்க நடந்து காட்டினேன். அப்புறம் எல்லோரும் வரிசையில் வந்து காகிதத்தில் ஏறி நின்றார்கள். என்னுடைய ஜோடியைக் கேட்காதீர்கள், தர மாட்டேன்."

அண்ணன் அதை உரக்கப் படித்தான். போதாதென்று மறுபடியும் படித்தான். பிறகு காகிதங்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு பாதத்தையும் குனிந்து பார்த்தான். "அடேயப்பா! இந்தக் காவலாளி எலும்பு என்னோடதைவிடப் பெரிசுடா!" காணாமல் போன சொந்தக்காரனைக் கண்டுபிடித்துவிட்டவன் போல அப்படி ஒரு சந்தோஷம்.

"மொத்த ஆர்டர். கொஞ்சம் குறைச்சுக் குடுத்தா நல்ல பேர் கிடைக்கும்," என்று நான் இழுத்தேன்.

"மொத்தமா கேட்டாலும் கால் தனித்தனிதானே சித்தப்பா? குறையாது."

செருப்பு திரும்பாமலே கெடு முடிந்ததால், மறுநாள் தளத்தின் எச்சரிக்கை கடைப்பக்கத்திலிருந்து மறைந்துவிட்டது. அதைப் பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை, கம்பளியை விரித்து வெட்ட இடம் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணி சோபாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன வேடிக்கை பாக்குறீங்க தம்பி? அந்தப் பக்கம் தூக்குங்க. முதலாளியம்மாவுக்கு இடம் வேணும்."