இடது முன் ஸ்பிரிங்

முப்பத்தொரு வருஷம் சொந்த ஊரான லெவிட்ஸேயிலிருந்து ரோட்டர்டாம் துறைமுகத்துக்குச் சரக்கு லாரி ஓட்டிய ரஸ்தோவுக்கு அசதி கூடவே பிறந்தது போல ஆகிவிட்டிருந்தது. படுக்கையில் தூக்கம் வராது; ஸ்டியரிங்கைப் பிடித்தால் கண் சொக்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி என்று அக்டோபரில் டாக்டர் கண்டுபிடித்தார். இனி லாரி ஓட்டவே கூடாது என்று எழுதியும் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதம் சமையலறை இழுப்பறையில் ரொட்டிக் கத்திக்கு அடியில் கிடந்தது. மனைவி யர்மிலாவுக்கு மட்டும் தெரியும். கிளப்பில் கேட்டவர்களிடமெல்லாம், "ஈஸ்டர் முடியட்டும், திரும்ப வண்டி எடுத்துடுவேன்" என்று கூசாமல் சொல்லிவந்தார்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை மதியம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடும் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஆளுக்கொரு ரிமோட்டில் ஓடும் குட்டி லாரி. அதைப் பொம்மை என்று சொல்லிவிட்டால் மட்டும் அத்தனை பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். லாரியின் முதுகில் சின்ன கிளாஸ் ஒன்றை வைத்து பொரோவிச்கா சாராயத்தை விளிம்பு வரை ஊற்றுவார்கள். மேடும் பள்ளமுமான பலகைப் பாலத்தைச் சிந்தாமல் கடந்தால் அது ஓட்டியவருக்கு. சிந்தினால் மிச்சம் எதிராளிக்கு.

ரஸ்தோவின் லாரி அவர் கடைசியாக ஓட்டிய சிவப்பு வண்டியின் அச்சு அசல். கதவிலிருந்த கீறலைக்கூட விடவில்லை. ஆனால் கிளப்புக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து ஐந்து வாரமாக அது பாலத்தின் நடுவில் வலது பக்கம் சாய்ந்து சிந்தியது. ஐந்து வாரமும் மிச்சத்தைக் குடித்தவர் ஸோல்தான், அவருடைய பழைய லாரிக் கூட்டாளி.

"உன் வண்டி என்னை நல்லா கவனிக்குதுடா. என் பொண்டாட்டிகூட இப்படி ஊத்திக் குடுத்ததில்ல."

"குடி குடி. ஓட்டத் தெரியாதவன் வேற என்ன பண்ணுவான்?" என்றார் ரஸ்தோ. சொல்லிவிட்டாரே தவிர, ஒரு சாண் லாரியைக்கூட நேராக ஓட்ட முடியாதவனா நான் என்று வீடு வரைக்கும் மனசு அரித்தது.

ஆறாவது சனிக்கிழமை காலை லாரியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன் அச்சில் இரண்டு ஸ்பிரிங். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வளையம், திருகினால் ஸ்பிரிங் இறுகும். வலது ஸ்பிரிங்கை மாற்றினார். எண்ணெயை மாற்றினார். டயரையும் மாற்றினார். இடது வளையத்தை மட்டும் அவர் கை தொடவில்லை. லாரியைப் பாகம் பாகமாகப் பூட்டிச் செய்த முதல் நாளே அதை இரண்டு சுற்று கூடுதலாக இறுக்கியிருந்தார். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பு.

முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த யர்மிலா குனிந்து பார்த்தாள்.

"இது கோணலா நிக்குதே."

"எங்க கோணல்? கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு."

"போட்டுட்டுதான் பாக்குறேன். இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

"அது அப்படித்தான் நிக்கும். நான் ஏறி உக்காந்தா நேராயிடும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. யர்மிலாவின் கத்தி நின்றது. அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ரஸ்தோ நூற்றுப் பதினெட்டு கிலோ. அந்த ஊர் லாரிகளில் டிரைவர் இருக்கை இடது பக்கம்; அவர் ஏறினால் பழைய சிவப்பு வண்டி அந்தப் பக்கம் இறங்கும். அதற்காகவே இடது முன் ஸ்பிரிங்கை எப்போதும் ஒரு பிடி இறுக்கி வைத்திருப்பார். அவர் இறங்கி நின்று பார்க்கும்போது வண்டி வலது பக்கம் லேசாகச் சாய்ந்து அவருக்காகக் காத்திருக்கும். முப்பத்தொரு வருஷமாகப் பார்த்த கண்ணுக்கு லாரி என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும். இந்த லாரியில் ஏறி உட்கார யாருமில்லை.

"விடுய்யா. முதல்ல சூப்பக் குடி," என்றாள் யர்மிலா.

அவர் இடது வளையத்தைப் பிடித்து ஒரு சுற்று தளர்த்தினார். பிறகு இரண்டாவது சுற்றையும் தளர்த்தினார்.

அன்று மதியம் சிவப்பு லாரி பாலத்தில் ஏறியது, குலுங்கியது, இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ரஸ்தோ மட்டும் லாரியின் ஜன்னலையே பார்த்தார். காலி இருக்கையோடு அது எவ்வளவு நேராகப் போகிறது!

ஸோல்தான் கிளாஸை எடுத்துத் தன் வாய்க்கே கொண்டுபோனார். "உனக்கு எதுக்கு? வண்டி எடுக்கணும், குடிக்க மாட்டேன்னு வழக்கம்போலப் பாட்டுப் பாடுவ."

"குடுடா இங்க."

வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

"என்னடா இன்னிக்கு? அப்ப ஈஸ்டருக்கு அப்புறம்?"

"ஈஸ்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இனிமே நான் வண்டி எடுக்க மாட்டேன்டா."

ஸோல்தான் பாட்டிலை எடுத்து ரஸ்தோவின் கிளாஸில் இன்னொரு முறை ஊற்றினார், விளிம்பு வரை. ரஸ்தோ அதை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிட்டது.