பழைய சிலபஸில் ஓர் இணையத்தளம்

ஆலோசனை கேட்டுவிட்டு அதற்கு நேரெதிராக நடப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இணையத்தளம் செய்து கொடுக்கும் என் தொழிலில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் வருவார்கள். வெள்ளவத்தையில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு நடத்தும் சேருக்கு அவர்களில் முதலிடம்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புது வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பார். இருநூறு இடம். அன்று காலை ஏதாவது பிசகினால் பெற்றோர் பொறுத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அடுத்த ஒழுங்கையில் இன்னொரு இரசாயனவியல் சேர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். இந்தத் தடவை பதிவை இணையத்தில் செய்வது என்று முடிவெடுத்து, கொட்டாஞ்சேனையிலிருக்கும் என்னைக் கூப்பிட்டார்.

போய் விஷயத்தைச் சொன்னேன். தளத்தைத் தாங்கும் மென்பொருளுக்கு இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. ஒன்று நிலையானது. உலகமெல்லாம் பாவித்து, அடிபட்டு, திருத்தப்பட்டது. மற்றது வரப்போவது. பார்க்க அழகு, ஓட வேகம், ஆனால் செய்தவர்களே இன்னும் முடியவில்லை என்கிறார்கள். நிலையானதைப் போடுவோம் என்றேன். ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய பேச்சு.

"புதுசு வரப்போகுதெண்டு நீங்களே சொல்லுறியள். பிறகேன் தங்கச்சி பழசை என்ர தலையில கட்டுறியள்?"

"பழசில்ல சேர். நிலையானது."

"பழசுக்கு அது நல்ல பேர்."

"சோதிச்சுப் பாக்காத அமிலத்த வாயில ஊத்துவீங்களா சேர்?"

"நான் சோதிச்ச அமிலத்தையும் வாயில ஊத்த மாட்டன்."

இதுவரை பதிவுகளை எல்லாம் கொப்பியில் எழுதி வந்தவர் சேரின் மனைவி. தேத்தண்ணியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "சண்டை முடிஞ்சாச் சொல்லுங்கோ, பிஸ்கட் கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தும் விட்டார்.

சேர் தேத்தண்ணியைத் தொடவில்லை. "நான் ஏ.எல். சோதினையில முதல் தரம் கோட்டை விட்டனான்" என்றார். "ரெண்டாம் தரம் எடுக்கேக்க சிலபஸ் மாறிட்டுது. பழைய சிலபஸ்காரருக்கு அதுதான் கடைசிச் சோதினை. எனக்குப் படிப்பிச்ச சேர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'தம்பி, நான் இனிப் புதுசுதான் எடுக்கிறன், நீர் பின்னால இருந்து பாரும்.' ஒரு வருசம் பின் வாங்கில தனிய இருந்து படிச்சனான். இப்ப உந்தப் பழசில என்ர வகுப்பை ஏத்திவிட, நாளைக்கு எல்லாரும் புதுசுக்கு ஓடிடுவாங்கள். திரும்ப நான் பின் வாங்கில."

கேட்டுவிட்டு நான் இரங்கியிருக்க வேண்டும். இரங்கவில்லை. ஏனென்றால் நான் ஒரு புதிய சிலபஸின் முதல் பட்ச். எங்கள் மிஸ் பாடப் புத்தகத்தில் எங்களுக்கு ஒரு பக்கம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். கஷ்டமான இடம் வந்தால் "இதெல்லாம் சோதினைக்கு வராது" என்பார். வந்தது. தேடிப் பார்க்க ஒரு பாஸ்ட் பேப்பர் கிடையாது. எங்களுக்கு முன்னால் ஒருவராவது அந்தச் சோதனையை எழுதியிருந்தால்தானே பேப்பர் இருக்கும்? பல்கலைக்கழகம் மயிரிழையில் கைநழுவிப் போனது. எங்கள் விடைகளைப் பார்த்து அடுத்த பட்ச் நன்றாகப் படித்தது.

"முதல் பட்ச்சா இருக்க இன்னொருக்கா என்னால ஏலாது சேர்" என்றேன். "வேற ஆளப் பாருங்க."

பையை எடுத்துவிட்டேன். அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தார். "பிள்ளையளுக்கு மாதத்துக்கு மாதம் மொடல் பேப்பர் வைக்கிறியள். உது ரெண்டுக்கும் ஒண்டு வைச்சா என்னப்பா?"

இரண்டு பதிப்பிலும் தளத்தைச் செய்தேன். பதிவுக்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், வகுப்பு மண்டபத்தில் சோதனை நடந்தது. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நாற்பது பேர், கையில் போனுடன். இடப்பக்க வாங்குகள் வரப்போகும் பதிப்பு. வலப்பக்கம் நிலையானது. சேர் மணிக்கூட்டைப் பார்த்து, "தொடங்கலாம்" என்றார். பழக்கதோஷத்தில், "ஆரும் பாத்து எழுதக் கூடாது" என்றும் சொன்னார்.

இடப்பக்கம் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு ஊளையிட்டது. வலப்பக்கம் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"சேர், இவங்கட பழைய சிலபஸ். அடுத்த வருசம்தான் முடியும்!" என்று இடப்பக்கத்தில் ஒருவன் கத்தினான்.

சேர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பத்துப் புள்ளி கூடத் தேறாது. நான் மடிக்கணினியைத் திறந்து, வந்து சேர்ந்த பெயர்களைக் காட்டினேன். இடப்பக்கத்து இருபது பேருக்கும் "உங்கள் இடம் உறுதி" என்று போனில் வந்திருந்தது. பட்டியலில் பதினொரு பெயர்தான் இருந்தது. ஒன்பது பேரை மென்பொருள் விழுங்கிவிட்டது. வலப்பக்கத்தில் இருபது பேருக்கு இருபத்து மூன்று பெயர். அவசரக்காரர் மூன்று பேர் பட்டனை இரண்டு தரம் அமத்தியிருந்தார்கள்.

அங்கேயே இருந்து இணையத்தில் தேடினேன். இரட்டைப் பதிவுக்குப் பக்கம் பக்கமாக விடை இருந்தது. முதல் விடை பிழை, இரண்டாவது சரி, மூன்றாவதில் இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். காணாமல் போகும் பெயர்களுக்கு ஒரேயொரு கேள்வி கிடைத்தது. எந்த நாட்டுக்காரனோ மூன்று கிழமைக்கு முன்னால் கேட்டிருந்தான். அதற்குக் கீழே இன்னொருவன், "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான்.

சேர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "மறுமொழி ஒண்டும் இல்லையோ?"

"இல்ல சேர்."

"பாவம், இந்தப் பெடியன் என்ன செய்வான்?"

"முதல் பட்ச் சேர். இருந்து பாப்பான்."

விழுங்கப்பட்ட ஒன்பது பேரில் ஒருத்தி எழும்பினாள். "அப்ப எங்களுக்கு இடம் இல்லையா சேர்? உறுதியெண்டு போட்டிருக்கே!"

அந்தக் கேள்வியை ஞாயிறு காலை பெற்றோர் கேட்பதை அவர் மனத்தில் பார்த்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப் போனது.

"அந்த நிலையானதைப் போடுங்கோ தங்கச்சி" என்றார்.

ஞாயிறு எட்டு மணிக்குப் பதிவைத் திறந்தேன். சேர் எனக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார்.

"தளம் விழுந்திட்டுதோ?"

"இல்ல."

"இப்ப?"

"அங்கால போங்க சேர்."

பத்து மணிக்கு முன்னால் இடம் நிரம்பியது. மனைவி நம்பாமல் கொப்பியில் ஒவ்வொரு பெயராக எழுதிப் பார்த்து, "இருநூறுக்கு இருநூறு" என்றார். நன்றி என்று ஒரு சொல் வரும் என்று இருந்தேன்.

"இந்தப் பதிப்பை எப்ப நிப்பாட்டுவாங்கள்?" என்று கேட்டார் சேர்.

"ரெண்டு மூணு வருசம் போகும். அதுக்குள்ள புதுசு நிலையாயிடும், மாத்தலாம்."

"ஆர் மாத்துறது?"

"வேற ஆரு? நான்தான்."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுவினம். அந்த நேரம் போன் எடுக்க மாட்டினம்."

எனக்கு ஏறிவிட்டது. "வருவேன் சேர். நீங்க வேணாமெண்டாலும் வருவேன். வந்து உங்களப் பிடிச்சு இருத்தி, உங்கட கையாலயே புதுசுக்கு மாத்துற பட்டனை அமத்த வைப்பேன். அப்ப பழசுதான் நல்லமெண்டு அழுவீங்க. அதையும் இருந்து கேட்டுட்டுத்தான் போவேன்!"

மண்டபத்தில் எதிரொலித்தது. சேர் மனைவியைப் பார்த்தார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினார்.

"ஏசுற ஏச்சைப் பாத்தா வருவா போலதான் கிடக்கு" என்றார்.