பாறையில் இல்லாத சிக்குக்கோலம்

வளைகுடாவில் இருக்கும் அந்தத் தீவை ஒரு சுற்று நடந்து வர அரை மணி நேரம் போதும். கடலைப் பார்த்த சரிவில் ஒரு தட்டைப் பாறை. அதில் எந்தக் காலத்து மனிதர்களோ குடைந்த சிறு குழிகள், வரிசை வரிசையாக. பாறைமேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பென்சிலால் நகலெடுப்பது என் வேலை. மூலையில் வரைந்தவர் பெயர் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெயரைச் சின்னதாக எழுதும் பழக்கமே எனக்குக் கிடையாது.

ஒரு மாதம் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். வேலை நிலைக்குமா என்று வியாழக்கிழமை தொல்லியல் குழுத் தலைவி சொல்வார். ஐரோப்பாக்காரர், எங்களுக்கு மேடம்.

புதன்கிழமை சாயங்காலம் படகு வரத் தாமதம். தாளில் குழிக்கொரு புள்ளியாக ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி. கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? பென்சில் தானாக வளைந்தது. படகு வந்தபோது சிக்குக்கோலம் முடிந்திருந்தது. அழகாகவும் இருந்தது. காலையில் அழித்துக்கொள்ளலாம் என்று சுருட்டி வைத்தேன்.

காலையில் எனக்கு முன்னால் மேடம் அதை விரித்துவிட்டார்.

"குழிகளை இணைக்கும் கோடுகள்! இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லையே!" பாறையில் மண்டியிட்டு, குடையால் நிழலாக்கி, டார்ச்சைச் சாய்த்து அடித்தார். "இதோ, லேசாகத் தெரிகிறது. உனக்கு அபாரமான கண்!"

நான் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

மணல் கூட்டும் அண்ணன் தாளை எட்டிப் பார்த்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், இங்கே சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் தங்கியிருப்பவர்.

"ஏம்மா, இது மார்கழியில எங்க வீட்டுக்காரி வாசல்ல போடுறதுல்ல?"

"சத்தம் போடாதீங்கண்ணே."

"அவ இன்னும் நல்லாப் போடுவா. இது மூலையில கோணிப்போயில்ல கெடக்கு."

"கோணலெல்லாம் இல்ல!"

"அப்ப நீதான் போட்டிருக்கே. கலாஸ், கதை முடிஞ்சுது!" சிரித்தவர் மேடத்தைக் கண்ணால் காட்டினார். "அந்தம்மா போனை எடுத்துருச்சு. ஊரெல்லாம் சொல்லிரப் போவுது. யல்லா, ஓடு."

ஓடினேன். "மேடம், அது பாறையில் இல்லை. நான் போட்ட கோலம். எங்கள் ஊரில் புள்ளியைக் கண்டால் கை சும்மா இருக்காது."

அவர் டார்ச்சை அணைத்தார். பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நான் அதைப் பார்த்ததாகச் சொன்னேன் இல்லையா?" என்றார் மெதுவாக.

"ஆமாம் மேடம்."

"அதை யாரிடமும் சொல்லாதே. புதுத் தாள் எடு. வெள்ளி, சனி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வா."

தீவில் வரைந்த எந்தத் தாளையும் கிழிக்கக் கூடாது என்பது விதி. அதனால் கோலமும் கோப்பில் இருக்கிறது, "பாறையில் இல்லை" என்ற குறிப்புடன். கீழே என் பெயர், பெரிதாக.

அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பெயரை நான்தான் போனில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அது சரிடி, அந்த மூலை ஏன் கோணலா இருக்கு?"