முத்தம்மாளின் நூற்றெழுபது

சுப்பராயனால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. பக்கவாதம் வந்து வலது கையை முடக்கிப் போட்ட பிறகும் வாய் மட்டும் ஓயவில்லை. குமணன்சாவடியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற என் பிசியோதெரபி கிளினிக்குக்கு முதல் தடவை வந்தபோது, உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா, அடைப்பு மூளைலன்றாங்கோ. கை இன்னா பண்ணுச்சு, பாவம்?"

படம் போட்டு விளக்கினேன். உடனே அடுத்த கேள்வி, அதிலிருந்து இன்னொன்று. வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இயல்பாகவே பொறுமை கிடையாது. "முதல்ல கையைத் தூக்குங்க, அப்புறம் சந்தேகம் கேளுங்க!" என்று கத்திவிட்டேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. கையைத் தூக்கப் பார்த்தார். அது மேசையை விட்டு எழும்பவே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு பஸ் ஓட்டியவர். ஒரே மகள் சௌம்யாவுக்குத் தை மாதம் கல்யாணம். மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பத்திரிக வைக்கணும் டாக்டரம்மா. தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சி நானே குடுக்கணும். பீச்சாங்கையால குடுத்தா நல்லாவா இருக்கும்? அண்ணன் பையன் குடுக்கட்டும்னு ஊட்ல சொல்ட்டாங்கோ. பெத்தவன் நான் உயிரோட கீறேனே!"

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அப்புறம்தான் கவனித்தேன், அவர் யாருக்கும் எதையும் கையில் கொடுப்பதே இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைக்கூட இடது கையால் மேசையில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோலத் தள்ளி நிற்பார்.

ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் அவருக்குக் கொட்டாவி வந்தது. சரி என்று என் தம்பி காலேஜ் காலத்தில் விளையாடிவிட்டுப் போட்டுப்போன கேம் பெட்டியை டிவியில் மாட்டினேன். ரிமோட் மாதிரி ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு கையை வீசினால், டிவிக்குள் பந்து உருண்டு போய்க் கட்டைகளைச் சாய்க்கும். எனக்குத் தேவையான பயிற்சியும் அதுதான், தோளிலிருந்து முன்னால் வீசித் தூக்குவது.

ஆட்டம் முடிந்ததும் பெயர்ப்பட்டியல் வந்தது. உச்சியில், பெரிய பொட்டு வைத்த பொம்மை முகம். முத்தம்மாள், 170.

"யாரு இந்தம்மா?"

நசரத்பேட்டைக்காரி என்றேன். பயிர் வைத்த நிலத்தில் இப்போது வாடகை வீடுகள் கட்டி விட்டிருக்கிற குடும்பம். அவருக்கும் வலது கைதான் விழுந்தது. இந்தக் குச்சியை வீசி வீசியே தேறி, வருவதை நிறுத்திவிட்டார்.

"பொம்பள நூத்தியெழுவது போட்டுக்கினு போயிருக்குது, நான் இன்னா சும்மாவா?" என்றார் சுப்பராயன். அவ்வளவுதான். தினமும் காலையில் நான் கதவைத் திறக்கும்போது படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். முதலில் பந்து பாதியிலேயே ஓரமாக ஓடியது. பிறகு நூறைத் தொட்டார், அதையும் தாண்டினார். கை மார்பு வரைக்கும் எழும்பியது.

அந்த நேரம் பார்த்து பெட்டி செத்துப்போனது. மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் போர்டு போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ரிப்பேர்க்காரர் கையை விரித்தார். சுப்பராயன் மறுபடி ரப்பர் பந்தை அமுக்கினார். கொஞ்ச நாளில் வருவதே குறைந்தது. போன் செய்து திட்டினேன். அதற்கும் சேர்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

விஷயம் வருங்கால மாப்பிள்ளை காதுக்குப் போயிருக்கிறது. கிஷோருக்குத் தென்காசிப் பக்கம் ஊர், ஐ.டி. வேலை, வானகரத்தில் ஃபிளாட். மாமனார் மனசில் இடம்பிடிக்க நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தானோ என்னவோ, புத்தம்புது கேம் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, பழசுல மெமரி ஐந்நூத்திப் பன்னிரண்டு எம்பிதான். இதுல ஒரு டிபி. ரெண்டாயிரம் மடங்கு பெருசு!"

சுப்பராயன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பழைய சிடியை எடுத்து, அதன் வாயில் இடது கையால் வைத்துப் பார்த்தார். உள்ளே போனது, உடனே வெளியே துப்பிவிட்டது.

"மாப்ள, ரெண்டாயிரம் மடங்கு எடம் கீதுன்றீங்கோ. இந்த ஒரு சிடிக்கு எடமில்லியா?"

கிஷோர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இடப் பிரச்சனை இல்ல மாமா. இது வேற கம்பெனி. அந்த சிடி பேசுறது இதுக்குப் புரியாது." தவிர அந்தப் பெட்டியை உட்கார்ந்தபடி இரண்டு கட்டைவிரலால் ஆட வேண்டும். தோளுக்கு வேலையே இல்லை. எனக்கு அது எதற்கு?

பையன் சோர்ந்து போகவில்லை. கிளினிக் தரையிலேயே உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தான். பக்கத்தில் சுப்பராயன். நானும் எட்டிப் பார்த்தேன், எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

"பழசோட அடுத்த மாடல் இந்த சிடிய எடுக்கும் மாமா. பழைய குச்சியும் அதுக்குச் சேரும். எட்டு ஜிபி, முப்பத்திரண்டு ஜிபின்னு ரெண்டு வந்திருக்கு. அதுக்கும் அடுத்த மாடல்ல சிடி போடவே வழியில்ல."

"அப்போ புள்ளைக்கு அப்பனத் தெரியுது, பேரனுக்குத் தெரியலியா? ஏன்?"

"பிள்ளைக்குள்ள அப்பனோட மெஷினையும் சேர்த்து வச்சிருக்காங்க. பேரனுக்கு வைக்கல."

"ஏன் வைக்கல?"

"மாமா, அது கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும்!"

அந்த நடு மாடலை, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஆபீஸ் நண்பனிடம் கிஷோர் கண்டுபிடித்தான். எட்டு ஜிபிதான். முப்பத்திரண்டு கிடைக்கவில்லையா என்று சுப்பராயன் கேட்டதற்கு, "முத்தம்மாள் ஸ்கோருக்கு மிளகளவு இடம் போதும் மாமா" என்றான். மாட்டினோம். சிடி உள்ளே போனது. ஆட்டத்தின் பழைய பாட்டு கேட்டது! மூன்று பேரும் கைதட்டினோம், சுப்பராயன் தொடையில் தட்டிக்கொண்டார்.

பட்டியல் வந்தது. எல்லா வரியும் காலி.

"முத்தம்மா எங்க?" என்றார் சுப்பராயன்.

கிஷோர் தலையைச் சொறிந்தான். ஸ்கோர் சிடியில் இருப்பதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது செத்த பெட்டியின் மெமரியில் இருந்திருக்கிறது. சிடியில் இருந்தது ஆட்டம் மட்டும்.

சுப்பராயன் ஒரு ஆட்டம் ஆடினார். நாள்கணக்கில் விட்டிருந்த கை, அறுபதுக்கு மேல் ஏறவில்லை. பட்டியலில் அவர் பெயர் உச்சியில் வந்தது. "பாருங்க, நீங்கதான் ஃபர்ஸ்ட்!" என்றேன். குச்சியை மேசையில் வைத்தார்.

"ஆளே இல்லாத பந்தயத்துல இன்னா டாக்டரம்மா ஃபர்ஸ்ட்டு?"

இறங்கிப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியையே மாடியிலிருந்து தூக்கி எறிந்திருப்பேன். முத்தம்மாள் பெயரில் தானே நூற்றெழுபது போட்டு வைக்கட்டுமா என்று கிஷோர் கேட்டான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சுப்பராயன் கேட்கப்போகும் கேள்விகளை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று முத்தம்மாளுக்கே போன் போட்டேன்.

"போட்டத மறுபடியும் போடணுமா? நல்ல கதயா கீதே!" என்று சிரித்தார். ஆனால் மறுநாளே வந்துவிட்டார். சுப்பராயனையும் வரச் சொல்லியிருந்தேன்.

வாசலில் முத்தம்மாளைப் பார்த்ததும் என் கண் அவர் கைக்குத்தான் போனது. வலது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். நான் திட்ட வாயெடுப்பதற்குள் குச்சியை வாங்கி வீசினார். முக்கி முக்கி எழுபதுகூட வரவில்லை.

"யக்கா, நூத்தியெழுவது போட்ட கை ஏன் இப்டி ஆச்சு?" என்றார் சுப்பராயன். குரலில் பயம் தெரிந்தது.

"நல்லாயிடுச்சின்னு உட்டுட்டேன் நைனா. அது பாட்டுக்கு மடங்கிக்கிச்சு."

சுப்பராயன் தன் கையைப் பார்த்தார். அந்தக் கையைப் பழையபடி மடக்கி வைத்துக்கொண்டுதான் அவரும் உட்கார்ந்திருந்தார். இடது கையால் அதை இழுத்து நீட்டிவிட்டுச் சொன்னார், "நீ தெனம் வாக்கா. நீ மொதல்ல நூத்தியெழுவது போடு. அப்பத்தான் நான் தாண்ட முடியும்."

"ஏன், என்னைத் தாண்டாம ஒன் பொண்ணு கல்யாணம் நடக்காதா?" என்றார் முத்தம்மாள். ஆனால் வந்தார். இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு அடித்த கூத்தில் மற்ற பேஷண்டுகள் என்னிடம் புகார் செய்தார்கள். நூற்றெழுபதை இன்னும் இருவருமே தொடவில்லை.

கார்த்திகை முடிவதற்குள் சுப்பராயன் வேட்டி சட்டையில், மகளோடு கிளினிக் படியேறினார். குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு நேராக இங்கேதான் வந்திருக்கிறார். சௌம்யா தாம்பாளத்தை நீட்ட, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு முத்தம்மாள் முன்னால் போய் நின்றார். பத்திரிகை, வெற்றிலை பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம். வலது கை நடுங்கியது. பழம் விளிம்புக்கு உருண்டது. சௌம்யா பதறித் தாம்பாளத்துக்கு அடியில் கை கொடுக்கப் போனாள்.

"கையை எடு!" என்று கத்தினேன். பாவம், அந்தப் பெண் பயந்தே போனாள்.

முத்தம்மாள் எழுந்தார். அவருடைய வலது கை வயிற்றிலிருந்து மெல்லப் பிரிந்து, பாதி தூரம் வந்து நின்று, மறுபடி வந்தது. நடுங்குகிற இரண்டு வலது கைகளுக்கு நடுவில் தாம்பாளம் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு கைமாறியது. பழம் விழவில்லை.

"இம்மா கஷ்டப்படணுமா நைனா? மேசை மேல வச்சிருந்தா எடுத்துக்க மாட்டேனா?" என்றார் முத்தம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மேசை மேல வச்சிட்டுப் போறதுக்கா யக்கா இத்தினி நாளா உருட்னேன்?" என்று கேட்டார் சுப்பராயன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டிவியைப் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.