பேர் சொல்லாமல் கூப்பிட்டவர்

கோர்ட்டு வாசலில் பேர் கூப்பிடுகிறவருக்கு வெண்கலம் என்று பட்டப்பேர். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. கதவுக்கு வெளியே வந்து நின்று, இன்னார் மகன் இன்னார் என்று மூன்று தடவை கூப்பிடுவார். காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பித்தவன் கிடையாது. வீட்டில் உப்புக் கேட்டாலும் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வந்துவிடும் என்று அவர் மனைவி கிண்டல் செய்வார்.

அந்தத் தொண்டைதான் ஒருநாள் வம்பை இழுத்துவைத்தது.

ஒரு தையல்காரர் வழக்கு. வயது அறுபத்தெட்டு, தனிக்கட்டை, கொஞ்ச நாளாக மறதி. தன் காரியத்தைத் தானே முடிவுசெய்கிற புத்தி அண்ணனுக்கு இல்லை, காப்பகத்தில் சேர்க்க உத்தரவு வேண்டும் என்று தம்பி மனுப் போட்டிருந்தார். தையல்காரரோ கடைக்குப் பின்னால் இருக்கிற தன் அறையை விட்டு நகரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இந்த மாதிரி வழக்கில் ஆள் பேர் வெளியே வரக்கூடாது. பட்டியலில் எண் மட்டும்தான் இருந்தது. வெண்கலம் பழக்க தோஷத்தில் வழக்குக் காகிதக் கட்டைப் புரட்டி, பேரைத் தேடிப்பிடித்து, அப்பா பேரோடு சேர்த்து மூன்று தடவை முழக்கிவிட்டார். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அதில் தையல்காரரின் வாடிக்கைக்காரர் ஒருவரும் இருந்தார். என்ன வழக்கு என்று விசாரித்தவர், மறுநாளே கடைக்குப் போய், தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

விஷயம் நீதிபதியம்மா காதுக்குப் போயிற்று. ரெண்டே வார்த்தைதான் கேட்டார். இனி எண்ணை மட்டும் கூப்பிட உத்தரவு.

அடுத்த வாய்தாவன்று முழுக்க இதே மாதிரி வழக்குகள். வெண்கலம் எண்ணைக் கூப்பிட்டார். தையல்காரர் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவையும் அப்படியே. இடித்து எழுப்ப அவருக்கு வக்கீல் கிடையாது. தம்பியின் வக்கீல் விடுவாரா? தன்னைக் கூப்பிடுவதுகூடத் தெரியாதவர் எப்படித் தனியாக இருப்பார் என்று பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரப் பெண்ணை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும், குடும்ப மானம் போகிறது என்றும் கேட்டார்.

கூப்பிடுவதற்கு அல்லாமல் வெண்கலம் கோர்ட்டில் வாய் திறந்ததே இல்லை. அன்று திறந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லிக்கிறேன். காலையிலேருந்து ஏழு நம்பர் கூப்பிட்டேன். அஞ்சு பேரு வக்கீல் இடிச்ச பிறகுதான் எந்திரிச்சாங்க. இவரு தம்பியையே வக்கீல் ஐயாதான் இடிச்சாரு. அவங்களுக்கும் புத்தி இல்லைன்னு எழுதிடலாமா?"

நீதிபதியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தையல்காரரிடமே கேட்டார். அந்தப் பெண் இருக்கட்டுமா, போகட்டுமா?

"இருக்கட்டும்மா. என்னைக் கொண்டுபோய் அடைக்கிறதா இல்லையான்னு பேசுறீங்க, அதை நாலு பேரு பாக்க வேண்டாமா? பேரு மட்டும் எழுத வேண்டாம். அளவெடுக்கும்போது நான் திரையை இழுத்துவிட்டுத்தான் எடுப்பேன். தைச்ச சட்டையை யாரு வேணா பாக்கலாம்."

பிறகு கேள்விமேல் கேள்வி. தேதியைத் தப்பாகச் சொன்னார். ஆனால் சாப்பாடு எங்கிருந்து வரும், காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் போடுவார், ஏன் அந்த அறைதான் வேண்டும் என்பதையெல்லாம் தெளிவாகச் சொன்னார்.

தீர்ப்பு நாளில் வெண்கலம் எண்ணை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, நேரே பெஞ்சுக்கு நடந்துபோய்க் குனிந்து, "அண்ணே, நம்ம முறை" என்றார். தையல்காரர் எழுந்து சட்டையை நீவிக்கொண்டு உள்ளே போனார். மறதி வேறு, முடிவெடுப்பது வேறு என்றார் நீதிபதியம்மா. அறை அவருக்கே. வாரம் ஒருமுறை நர்ஸ் வந்து பார்ப்பார். பத்திரிகையில் பேர், கடை, தெரு எதையும் எழுதக்கூடாது, நடந்ததை எழுதலாம்.

போன வாடிக்கை போனதுதான். அது வெண்கலத்துக்கு இன்னும் உறுத்தல். ஆனால் செய்தி பேப்பரில் வந்தபோது, அது யாருப்பா என்று வராந்தாவில் ஆளாளுக்கு நச்சரித்தார்கள்.

"ஒரு மனுஷன். நல்லா பேசினாரு. உனக்கு அவ்வளவு போதும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டைக் கையில் எடுத்தார்.