கெண்டைக்காலில் ஒரு மைக்கோடு

1991 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, ஃபிளாஸ்கில் கஞ்சி ஊற்றி, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பேருந்தில் அம்பத்தூர் நர்சிங் ஹோமுக்கு ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். என் மனைவி சரோஜாவுக்குக் கருப்பை நீக்க அறுவை முடிந்து ஏழாம் நாள். அன்று வீடு திரும்புவதாக இருந்தது.

வலது கால் வலிக்கிறது என்று அவள் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காலையும் மாலையும் தைலம் தடவிக் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டேன். டைரியிலும் எழுதினேன்: ‘கால் பிடித்தது, 15 நிமிடம்.’

அன்று பிடித்துக்கொண்டிருந்தபோது வார்டு பொறுப்பாளர் ஹசீனா சிஸ்டர் உள்ளே வந்தார். பூந்தமல்லிக்காரர், நாற்பது வயதிருக்கும்.

“கைய எடுங்க சார்.”

எடுத்தேன்.

“இருபது வருஷத்துல இப்போதான் கால் புடிச்சு உடுறாரு. அதையும் நிறுத்துறீங்களே சிஸ்டர்” என்றாள் சரோஜா.

அவர் சிரிக்கவில்லை. முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே இரண்டு கால்களிலும் பேனாவால் கோடு போட்டு, டேப்பால் அளந்தார். இடது பன்னிரண்டே முக்கால் அங்குலம். வலது பதினான்கு.

பதினொரு மணிக்கு அறுவை மருத்துவர் வந்தார். அதற்குள் நான் பையைக் கட்டிவிட்டிருந்தேன். தையல் பிரித்த இடத்தைப் பார்த்துவிட்டு, “நல்லா ஆறிடுச்சு, வீட்டுக்குப் போலாம்” என்றார்.

“சார், வலது கால் ஒன்றேகால் இன்ச் கூட இருக்கு. தொட்டா சுடுது.”

“ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் வீங்கும், சிஸ்டர்.”

“ரெண்டு காலும் வீங்கணுமே சார்.”

வாசலில் நின்ற ஆயா என்னிடம், “ஊட்டுக்குப் போற நேரத்துல இன்னாத்துக்கு இந்தம்மா வம்பு பண்ணுது?” என்று முணுமுணுத்தாள். எனக்கும் அதே எண்ணம்தான். “டாக்டரே சொல்லிட்டாரே சிஸ்டர்” என்று நானும் சொன்னேன். இன்றுவரை எனக்குக் கூசும் வாக்கியம் அது.

மருத்துவர் பேனாவை மூடினார். “இங்க டாக்டர் யாரு?”

“நீங்கதான் சார். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். அனுப்புறதா இருந்தா அனுப்புங்க. நான் அளந்ததையும் சொன்னதையும் கேஸ் ஷீட்ல எழுதிட்டு உங்க கையெழுத்து வாங்கிக்கறேன்.”

குரல் உயரவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்ற இடத்தைவிட்டு அவர் நகரவும் இல்லை.

மருத்துவர் பேனாவைப் பையில் செருகினார். பிறகு குனிந்து பாதத்தை மேல்நோக்கி மடக்கினார். கெண்டைக்கால் வலியில் சரோஜா பல்லைக் கடித்தாள். “ஆம்புலன்ஸ் சொல்லுங்க” என்றார்.

நகரத்தில் எடுத்த ஸ்கேன் மூன்று மணிக்குள் உறுதிசெய்தது: த்ராம்போசிஸ் (ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது). அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருந்தால் உயிர் போயிருக்கலாம். அழுத்திப் பிடித்துவிட்டால் நகரக்கூடும். இரண்டு நாட்களுக்கு முன்பே இதை எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். இப்போது நான் உங்களுக்குச் சொல்கிறேன்: அறுவைக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் பிடித்துவிடாதீர்கள், உடனே சொல்லுங்கள்.

அதே ஆம்புலன்ஸில் நர்சிங் ஹோமுக்கே திரும்பினோம். ஹெப்பாரின் (ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து) அன்று மாலையே ஏறத் தொடங்கியது. நான் நன்றி சொல்லப் போனபோது சிஸ்டர் ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். “என் வேலைய நான் பாத்தேன் சார். கால தொடாம இருக்கிறது உங்க வேல. முடியுமா?”

கடினமாகத்தான் இருந்தது. அவள் முனகும்போதெல்லாம் என் கை தானாக எழும். பதினோரு நாள் கழித்து அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். அந்த நாட்களை நான் தேதியால் எண்ணவில்லை. கால் அங்குலம், அரை அங்குலம் என்று எண்ணினேன்.

10ஆம் தேதி, புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு, கஞ்சியைத் திறப்பதற்கு முன், சிஸ்டர் டேப்பை என்னிடம் நீட்டினார். அழிந்துகொண்டிருந்த கோட்டின் மேல் பேனாவை மெதுவாக ஓட்டினேன். விரல் படாமல் அளந்தேன். பதிமூன்றே முக்கால்.